கூப்பிட்டால் பூஜ்யம்

“ஏனுங்க சார், எதையாச்சும் தேடறீங்களா?”

கேட்டது வெள்ளையம்மா. எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். இடுப்பில் கட்டிய பையில் பாதிக்குப் பழம் இருந்தது. அவருக்கு நான்கடி பின்னால் இருந்த செடிகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. மூடுபனி அப்படி இறங்கியிருந்தது.

“ஒண்ணும் இல்லைங்க. சும்மா நடந்துட்டு வரலாம்னு வந்தேன்” என்றேன்.

சொன்னதோடு விடாமல் ஒரு சிரிப்பும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்போது என் பன்னிரண்டு வயது மகளைக் காணாமல் நான் தேட ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

வெள்ளையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. முழங்கை முழுக்கச் செடி கீறிய கோடுகள். சும்மா நடக்க வந்தவனின் கோலம் அது இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். “பாத்துப் போங்க, வழுக்குதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வந்த கடிதங்கள்

சில வாரங்களுக்கு முன், இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இதே தொடரில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். என் மகள் மெர்லின் சின்னப் பெண்ணாக இருந்தபோது எஸ்டேட் குழியில் விழுந்து கால் எலும்பு முறிந்தும், மூன்று மணி நேரம் அழாமல், யாரையும் கூப்பிடாமல் தைரியமாக உட்கார்ந்திருந்தாள் என்று. மதிப்பெண்ணுக்காகவே நடக்கும் பள்ளிக்கூடங்கள் இந்தத் தைரியத்தைக் கற்றுத் தருமா என்று ஒரு கேள்வியையும் சேர்த்திருந்தேன். எனக்கு நானே கை தட்டிக்கொண்ட பத்தி அது.

நிறையக் கடிதங்கள் வந்தன. பாராட்டுத்தான் எல்லாம். படித்துப் படித்துக் குளிர்ந்துபோயிருந்தேன்.

அதில் ஒன்று தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. அந்தப் பத்தியைத் தன் ஏழு வயதுக் குழந்தைக்குப் படித்துக் காட்டினாராம். அதற்குப் பிறகு குழந்தை காது வலி வந்தால்கூடச் சொல்வதில்லையாம். சீழ் வடிந்து தலையணை நனைந்த பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். “அழாமல் தாங்கிக்கொண்டது ஐயா, உங்கள் மகளைப் போல. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்” என்று முடித்திருந்தார்.

அந்த அம்மாவுக்கு உடனே பதில் எழுதிவிட்டேன். முதலில் குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள், அப்புறம் நான் எழுதியதை மறந்துவிடுங்கள் என்று. ஆனால் அச்சில் சொன்ன பொய்யை அச்சில்தான் திருத்த வேண்டும். அதனால்தான் இந்த வாரம் இது.

பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பெண்

இந்த மலைக்கு வருவதற்கு முன் நான் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் வேதியியல் வாத்தியார். பிராய்லர் பள்ளி என்று வெளியில் கேலி பேசுவார்கள். எங்களுக்குக் கோபம் வராது. தீவனம் போடுகிறவனுக்கு எதற்குக் கோபம் என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம். காலையில் ஒரு டெஸ்ட், சாயங்காலம் ஒரு டெஸ்ட். என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சிவப்புப் பேனா இருக்கும்.

ஒரு வருடம் பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போகிற நாள். வேதியியலில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த பெண் ஒருத்தி, காலையிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் தன் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வந்த பஸ் வழியில் எங்கோ பழுதாகி நின்றுவிட்டது. சாயங்காலம் நான் கிளம்பும்போதும் அதே பெட்டி, அதே இடம்.

“சாப்பிட்டியாம்மா?”

“இல்லைங்க சார்.”

“எதிர்லயே மெஸ் இருக்கே, போய்ச் சாப்பிட்டா என்ன?”

“யாரும் சொல்லலைங்க சார்.”

அந்த வாரமே வேலையை விட்டேன். இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும், இதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். அன்று அவளைத் தாண்டி நூறு பேர் போயிருப்பார்கள், நானே நாலு தடவை போனேன், அவளுக்கு ஒருவரிடமும் வாய் திறந்து பசிக்கிறது என்று சொல்லத் தோன்றவில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பாடத்தைப் பாதி படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிறவனைத் திட்டியே காலம் தள்ளியவன் நான்.

சிவப்புப் பேனா மலையேறிய கதை

என் மனைவி ரெஜினாவுக்கு ஏற்காடுதான் சொந்த ஊர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. வாழவந்தி போகும் வழியில் ஓட்டு வீடு ஒன்று பிடித்தோம். நான் சாயங்காலம் டியூஷன் எடுத்தேன். ஐந்தாவது முடித்திருந்த மெர்லினைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன்.

அடிவாரத்தில் இருக்கும் என் அண்ணன் ஃபோனில் கேட்டார். “ஏன்டா, புள்ளைய மலைக்குக் கூட்டிட்டுப் போயி மாடு மேய்க்க உடப் போறியா?”

“மாடு மேய்க்கவும் தெரியட்டும்ணா” என்றேன். அப்போது அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் வருடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன். நனைந்த விறகைப் பிளந்தால் உள்ளே காய்ந்த கட்டை கிடைக்கும் என்று கற்றுக்கொண்டாள். கட்டி விழாமல் ராகிக் களி கிண்டினாள். என் ஸ்கூட்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டினாள். காட்டுமாடு எதிரே வந்தால் ஓடாமல் நிற்கப் பழகினாள். மிளகுக் கொடிக்காக மரத்தில் ஏறி இறங்கி உள்ளங்கையெல்லாம் காய்த்துப்போனது. சாயங்காலம் அவள் தலைமுடியில் புகை வாசம் அடிக்கும். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்பதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கெடுத்தது ஒரு நோட்டு.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ‘ஈர விறகில் தீ மூட்டுதல்: பத்துக்கு எட்டு. மூன்று தீக்குச்சி வீண்.’ ‘களி: பத்துக்கு ஏழு. அடிப்பிடித்தது.’ ‘பஞ்சர்: பத்துக்கு ஒன்பது.’ எல்லாம் சிவப்பு மையில். பத்துக்குப் பத்து நான் யாருக்கும் போட்டதில்லை, பெற்ற பெண்ணுக்கும் போடவில்லை. போகப் போக அவள் ஒரு வேலையை முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் சட்டைப் பையைப் பார்க்க ஆரம்பித்தாள். அதைக் கவனித்தேன். அக்கறை கூடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பெரிய பரீட்சைக்கு ‘தனிநடை’ என்று பெயர் வைத்தேன். ஸ்கூட்டரில் கூட்டிப்போய் எஸ்டேட்டுக்குள் எங்காவது இறக்கிவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்குள் தானாக வீடு வந்து சேர வேண்டும். யாரிடமும் வழி கேட்கக் கூடாது, உதவி கேட்கக் கூடாது.

“கூப்பிட்டா பூஜ்யம்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் பழைய மாணவிகள் மாதிரியே தலையை ஆட்டினாள்.

பறிக்கிறவர்களின் கூப்பாடு

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் எந்த நேரமும் பனி இறங்கும். ஆளுக்கு ஒரு வரிசை. பக்கத்து வரிசையில் இருப்பவர் தெரியமாட்டார். அதனால் ஓரத்தில் இருப்பவர் அவ்வப்போது “ஓ…ய்” என்று குரல் கொடுப்பார். அடுத்தவர் பதிலுக்கு “ஓ…ய்” என்பார். அது வரிசை வரிசையாகச் சரிவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வரும். நடுவில் ஒரு குரல் விட்டுப்போனால் எல்லோரும் பையை அவிழ்த்து வைத்துவிட்டுத் தேடப் போவார்கள்.

ஒருமுறை வெள்ளையம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

“பதில் வரலைன்னா பாம்பு கடிச்சிருக்கும், இல்ல உழுந்து கெடப்பாங்க, இல்ல யாரு மேலயாச்சும் கோவமா இருப்பாங்க” என்றார். “எதுவா இருந்தாலும் போயிப் பாத்துருவோமுங்க.”

நான் அன்று வீட்டுக்கு வந்து மெர்லினிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “அவங்களுக்குத் தனியா நிக்கப் பயம், அதான் கத்திக்கிட்டே இருக்காங்க. நீ அப்படி இருக்கக் கூடாது.” வழுக்குப் பாறையிலும் சரிவிலும் வருடம் முழுக்க நிற்கிற பெண்களைப் பற்றி, நாற்காலியில் உட்கார்ந்து வேதியியல் நடத்திய நான் சொன்னது இது.

நான் கூப்பிடாத அந்த மத்தியானம்

மார்கழி. ரெஜினா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தாள். ஒரு மணிக்கு மெர்லினை எஸ்டேட்டின் மேல் மூலையில் இறக்கிவிட்டு வந்தேன். தோளில் துண்டு, பையில் தண்ணீர் பாட்டில், கத்தி, தீப்பெட்டி. மூன்று மணிக்கு வர வேண்டும். இரண்டு மணிக்கே பனி இறங்கிவிட்டது. இதுதான் சரியான பரீட்சை என்று நினைத்துக்கொண்டு நோட்டில் தேதி போட்டுக் கோடு கிழித்து வைத்தேன்.

மூன்றரைக்கு என்னால் உட்கார முடியவில்லை. மேலே ஏறினேன்.

பனியில் கண் தெரியாதே தவிர, காது நன்றாகவே கேட்கும். “மெர்லின்” என்று ஒரு குரல் கொடுத்தால் சரிவு முழுக்கக் கேட்கும். பறிக்கிறவர்களுக்குக் கேட்கும், வேலை வாங்கும் மேஸ்திரிக்குக் கேட்கும், எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டருக்கும் கேட்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பெற்றோர் கூட்டத்தில் பேசியிருந்தேன். “என் மகளை இந்த மலையில் எங்கே விட்டாலும் வீடு வந்து சேருவாள். யாரையும் எதிர்பார்க்க மாட்டாள்.” ரைட்டர் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

அதனால் நான் கூப்பிடவில்லை.

இதை இதுவரை யாரிடமும் இப்படிப் பச்சையாகச் சொன்னதில்லை. என் மகளைக் காணவில்லை, நான் வாயை மூடிக்கொண்டு தேடினேன். செடிக்கடியில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு, தொலைந்துபோன சாவியைத் தேடுகிறவன் மாதிரி. வெள்ளையம்மா வலிய வந்து கேட்டபோதும் பொய் சொன்னேன். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அப்படியே தேடினேன்.

பிறகு பறிப்பு முடிந்து ஆட்கள் எடை போடும் கொட்டகைக்கு இறங்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. இவர்களும் போய்விட்டால் இந்தச் சரிவில் யாருமே இருக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடினேன். இரண்டு இடத்தில் விழுந்தேன்.

கொட்டகை வாசலில் வெள்ளையம்மா தலைச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

“பாப்பாவைக் காணோமுங்க” என்றேன்.

“எப்பலேர்ந்துங்க சார்?”

“மூணு மணிக்கு வந்திருக்கணும்.”

அவர் கை நின்றது. “அப்ப நான் கேட்டப்பவே காணோமுங்களா?”

தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சாக்கைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டார். பொழுதெல்லாம் நின்று கால் கடுத்துப்போன இருபது பேர், எடை போடாமலே பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி மேடேறினார்கள். மேஸ்திரியும் கூடவே வந்தார்.

வரிசையாகப் பிரிந்து நின்றார்கள். “ஓ…ய், மெர்லின் கண்ணு.” அடுத்த குரல். அதற்கடுத்த குரல். கோடி வரை போய்த் திரும்பியது. பதில் இல்லை. நானும் கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவையும் குரல் போய்த் திரும்பியது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

வெள்ளையம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். “சார், புள்ளைய அடிச்சுக்கிடிச்சுப் போட்டீங்களா?”

“இல்லைங்க. நான் அடிச்சதே இல்லை.”

“அப்புறமேன் பதில் சொல்ல மாட்டேங்குது? இத்தன பேரு கூப்புடறோம்.”

சொன்னேன். யாரையும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் பூஜ்யம் என்று சொல்லி அனுப்பியிருப்பதைச் சொன்னேன்.

“பூஜ்யம்னா என்னுங்க?”

“மார்க்குங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு பேசாமல் இருக்கும்படி எனக்குக் கையைக் காட்டினார். மற்றவர்களையும் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் பேசுகிற மாதிரி, ஆனால் குரலை நீட்டிப் பேசினார்.

“கண்ணு, நான் வெள்ளையம்மா பேசறேன். இங்க உங்கப்பா இல்ல சாமி. நாங்க மட்டுந்தான் இருக்கறோம். உங்கப்பாகிட்ட யாரும் சொல்ல மாட்டோம். ஒருக்கா ஓய்னு மட்டும் சொல்லு சாமி.”

நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“ஓய்.”

இடது கைப் பக்கம், எங்களுக்குக் கீழே. இருபது அடிகூட இருக்காது.

மழைத்தண்ணீர் தேங்குவதற்காக வெட்டிய குழி. மேலே சில்வர் ஓக் சருகு மூடிக் கிடந்தது. கணுக்கால் வீங்கி, உதடு நீலம் பாரித்து, வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி இறங்கித் தூக்கிக் கொடுத்தார். வெள்ளையம்மா வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் மெர்லின் என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறிப்போனது. அது கால் வலியால் வந்தது இல்லை.

“நான் கூப்பிடலைப்பா” என்றாள். “அவங்கதான் கூப்பிட்டாங்க.”

சுற்றி நின்ற இருபது பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள். எனக்காகச் செய்தது அது. அவ்வளவு மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்லை.

மணி அடித்தால்

ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பு முறிந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். ரெஜினா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அந்த நோட்டை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். அன்றைக்குத் தேதி போட்டுக் கோடு கிழித்து வைத்திருந்த பக்கத்தையும் பார்த்தாள். மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கிழித்துப் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஜூனில் மெர்லின் தானாகவே பள்ளிக்கூடம் போகிறேன் என்றாள். எனக்கு ஆச்சரியம். “அங்க போனா எந்நேரமும் பரீட்சைதானே கண்ணு?”

“ஸ்கூல்லன்னா மணி அடிச்சா பரீட்சை முடிஞ்சிரும்ப்பா” என்றாள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நிஜமான காரணத்தைச் சொன்னாள்.

இத்தனைக்கும் பிறகு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வருடம் போனதும் மறுபடி மேடையேறி அன்று நடந்ததைக் கதையாகச் சொன்னேன். வெள்ளையம்மா சொன்னதை வெட்டிவிட்டேன். நான் கூப்பிடாததையும் பொய் சொன்னதையும் வெட்டிவிட்டேன். ‘அழவில்லை’ என்பதை நானாகச் சேர்த்தேன். அழுதாயா என்று அவளிடம் நான் கேட்டதே கிடையாது. சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அவள் கோவையில் விவசாயம் படிக்கிறாள். இதை எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தேன். தருமபுரிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“எழுதுங்கப்பா” என்றாள். “ஆனா அழலைன்னு மட்டும் திரும்ப எழுதிராதீங்க. துண்டைக் கடிச்சுக்கிட்டு நொம்ப நேரம் அழுதேன்.”

“சரி கண்ணு.”

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“நீங்க தேடி வந்தது எனக்குத் தெரியும்ப்பா. ரெண்டு தடவ குழிக்குப் பக்கத்துல போனீங்க. நீங்க நடக்கற சத்தம் எனக்குத் தெரியாதா?”

ஃபோனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“கூப்பிடறேனா இல்லையான்னு பாத்து மார்க் போடத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். ஆனாலும், நீங்க ஒருக்கா மெர்லின்னு கூப்பிட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். பூஜ்யம் போட்டாலும் போட்டுட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன். ஏன்ப்பா கூப்பிடல?”

இத்தனை வருடம் மேடையில் சொன்ன எதுவும் இதற்குப் பதில் ஆகாது.

“வெக்கமா இருந்துச்சு கண்ணு” என்றேன்.

அவள் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

“எனக்கும்தாம்ப்பா” என்றாள்.